பின்வரிசை மனை

ஆசிரியர் அறையில் எனக்குப் பெயரே 'மனை டீச்சர்'தான். நான் எடுத்தது கணக்குப் பாடம். ஆனால் முக்கோணவியலில் சந்தேகம் என்று என்னிடம் வந்தவர்களைவிட, திண்டிவனம் பக்கம் சதுர அடி என்ன போகிறது என்று கேட்டு வந்தவர்கள் அதிகம். விழுப்புரம் மாவட்டத்தில் நான் வேலை பார்த்த பள்ளிகளிலிருந்து மாற்றலாகிப் போனவர்கள்கூடப் போனில் கூப்பிட்டு, "டீச்சர், இப்ப போடலாமா? இல்ல, இருக்கட்டுமா?" என்பார்கள். 2016இல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று தடை வந்தது. அதற்குச் சில மாதம் முன்னால் என் மனையை விற்றுக் காசாக்கியவள் நான். அந்த ஒரு காரியத்தால் எனக்குக் கிடைத்த மரியாதை, நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டிய வருடங்களில்கூடக் கிடைத்ததில்லை. தடை வரப்போகிறது என்று வக்கீல் யாரோ எனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் விற்ற காரணம் வேறு. ஓய்வு பெற்றாகிவிட்டது, இனி யாருக்கும் நான் டீச்சர் இல்லை. எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

ஆறாவது ஊதியக் குழுவையொட்டித் தமிழக அரசு 2009இல் சம்பளத்தை உயர்த்தியபோது, நிலுவைத் தொகை தவணை தவணையாக வந்தது. அதுவரை ஆசிரியர் கையில் மொத்தமாகப் பணம் புரண்டதென்றால் அது பி.எஃப். கடன்தான், அதுவும் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ போய்விடும். இது எந்தச் செலவும் காத்திருக்காமல் வந்த பணம். எங்களுக்கு எவ்வளவு வரும் என்று நாங்கள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் மனை விற்பவர்கள் போட்டு முடித்திருந்தார்கள். சம்பளம் போட்ட மறுநாள் பள்ளி வாசலில் நோட்டீசோடு பையன்கள் நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வரும்.

அந்த வேனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏறியதும் தண்ணீர் பாட்டில், வழியில் டிபன், சைட்டில் ஷாமியானா, மதியம் பிரியாணி. சைவக்காரர்களுக்குத் தனி அண்டா. நுழையும் இடத்தில் வளைவு, புதிதாக நட்ட தென்னங்கன்று, செம்மண் கொட்டிய ரோடு, வெள்ளையடித்த எல்லைக் கல். மேசைமேல் விரித்திருந்த கலர் வரைபடத்தில் விற்றுப்போன மனைக்கெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர். நாங்கள் போன அன்றே பாதிக்கு மேல் சிவப்பு. அந்த ஸ்டிக்கர்கள் பணம் கட்டியவர்களுக்காக ஒட்டினவையா, பார்க்க வருகிறவர்களுக்காக ஒட்டினவையா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு எப்படிக் கேட்பது?

திண்டிவனம்–நகரி ரயில் பாதைக்கு 2006-07இலேயே அனுமதி கிடைத்தாயிற்று, இந்தப் பக்கமாகத்தான் போகப்போகிறது என்று விற்பனைப் பையன் கையை நீட்டிக் காட்டினான். புதுச்சேரிக்கு நாலு வழிச் சாலை, சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றான். பாதைக்கு அனுமதி கிடைத்தது உண்மை. திண்டிவனத்தில் ஏறி நகரியில் இறங்கிய ஒரு பயணியை நான் இதுவரை பார்க்கவில்லை என்பதும் உண்மை. 2010இல் பின்வரிசையில் ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி, சதுர அடி 100 ரூபாய் என்று வாங்கினேன். 2,40,000 ரூபாய். முத்திரைத் தீர்வை, பத்திரம் எழுதிய கூலி, கம்பி வேலி என்று எல்லாம் சேர்த்து 2,75,000 ஆனது. இந்த 2,75,000 என்ற எண்ணைப் பல வருடம் நான் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் "நூறு ரூபாய்க்கு வாங்கினேன்" என்பேன். நிலம் வாங்கிய யாரும் அப்படித்தான் சொல்வார்கள். லாபம் பேசும்போது செலவு வாய்க்குள் வராது.

டி.டி.சி.பி. அப்ரூவல் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டேன். கேட்காமல் வாங்கிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டால் இந்தக் கதையில் நான் கொஞ்சம் நல்லவளாகத் தெரிவேன், ஆனால் கேட்டேன். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு மேடம். டி.டி.சி.பி. வேணும்னா அடுத்த சைட்ல இருக்கு. சதுர அடிக்கு நாற்பது, அம்பது கூட ஆகும்" என்றார்கள். ஏன் கூட ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். முறையாக அங்கீகாரம் வாங்கும் பெரிய மனைப்பிரிவில் சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட வேண்டும். சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். விட்ட நிலத்தின் விலை மீதி மனைகளின் தலையில்தான் விழும். பஞ்சாயத்துத் தலைவர் ரப்பர் முத்திரை குத்திக் கொடுக்கும் வரைபடத்தில் அந்தத் தொல்லை இல்லை. டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் இசைவு இல்லாமல் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரமும் அவருக்கு இல்லை. ஊரே வாங்கும்போது நமக்கு மட்டும் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். அங்கே வாங்கிய அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

வாங்கிய பிறகுதான் என் ஆலோசனைத் தொழில் தொடங்கியது. முதல் இடைவேளையில் டீ வரும்போது பேச்சும் வரும். "பக்கத்து லேஅவுட்ல நூத்தி எண்பதுக்குக் கேட்டாங்களாம்" என்பார் பி.இ.டி. சார். நான் அதை அன்று சாயந்திரம் என் தங்கையிடம் "நூத்தி எண்பது போகுது" என்று சொல்வேன். தங்கை வீட்டுக்காரர் அவர் ஆபீசில் சொல்வார். சில வாரத்தில் அதே பேச்சு வேறு வாய் வழியாக எங்கள் அறைக்குத் திரும்பி வரும்போது இருநூறு ஆகியிருக்கும். கேட்டவர் யார், கொடுத்தவர் யார், பத்திரம் எந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். பத்திரத்தைப் போய்ப் பார்த்தாலும் பயனில்லை. அதில் வழிகாட்டி மதிப்பை ஒட்டித்தான் தொகை போட்டிருக்கும். கைமாறிய பணம் எழுத்தில் இருக்காது. ஆக, வாயால் சொல்வதுதான் விலை. அந்த வாய் பெரும்பாலும் ஏற்கெனவே மனை வைத்திருப்பவர் வாய். எங்கள் அறையில் மனை இல்லாதவருக்குக் கருத்துச் சொல்லும் தகுதி இல்லை. மனை இருப்பவர் விலை இறங்கும் என்று சொல்லப்போவதில்லை. இதற்குப் பெயர் ஆலோசனை.

தமிழய்யா ஒருவர்தான் ஒருநாள் கேட்டார். "டீச்சர், வாங்கினவங்க இத்தனை பேர் இருக்கீங்க. வித்துப் பணத்த எண்ணினவங்க ஒருத்தரக் காட்டுங்களேன்." அறை ஒரு நொடி அமைதியானது. நான் விடவில்லை. "விக்கிறதுக்கு நாங்க என்ன முட்டாளா ஐயா? ஜனம் பெருகுது, நிலம் பெருகுதா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அந்தப் பதிலில் கேள்விக்குப் பதில் இல்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். வகுப்பில் எந்தப் பையனாவது அப்படிப் பதில் சொல்லியிருந்தால் பெஞ்சுமேல் ஏற்றியிருப்பேன். 2012இல் தமிழய்யாவும் அதே லேஅவுட்டில் முன்வரிசையில் ஒரு மனை வாங்கினார். வீட்டில் அம்மா நச்சரிக்கிறார் என்றார். அந்த அம்மாவிடம் கோயிலில் வைத்துப் பேசியவள் நான்.

என் பேச்சைக் கேட்டு வாங்கிய ஒவ்வொருவருக்கும் விற்பனைக்காரர்கள் எனக்கு ஒரு கிராம் தங்கக் காசு கொடுத்தார்கள். 'அறிமுகம் செய்ததற்கு' என்று அதற்குப் பெயர். வாங்கியவர்களிடம் இதைச் சொல்லவில்லை. காசுகள் சேர்ந்ததும் அழித்து ஒரு ஜோடித் தோடு செய்துகொண்டேன். ஆசிரியர் அறையில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், அந்தக் காசுகளுக்குக் காரணமானவர்கள் உட்பட. ஆனால் தங்கத்துக்காக நான் இதைச் செய்தேன் என்றால் அது பாதி உண்மைதான். எனக்கு வேண்டியிருந்தது அக்கம்பக்கம். முள்ளும் கோரையும் முளைத்துக் கிடக்கும் இடத்தில் ஒற்றை மனைக்கு விலை இல்லை. சுற்றிலும் ஆள் வாங்கினால், அதிலும் இரண்டு பேர் வீடு கட்டினால், என் மனை தானாக ஏறும். நான் கொடுத்த ஒவ்வொரு ஆலோசனைக்குள்ளும் என்னுடைய 2,400 சதுர அடி உட்கார்ந்திருந்தது.

2013இல் பட்டா மாற்றலுக்காக கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். வி.ஏ.ஓ. இல்லை. உதவியாளர் ஒரு பெரிய பதிவேட்டை எடுத்துப் போட்டுப் புல வரைபடத்தைக் காட்டினார். எஃப்.எம்.பி. என்பார்களே, அதுதான். சைட்டில் பார்த்த வரைபடம் போல் கலர் எல்லாம் கிடையாது. மெல்லிய கோடுகள், கோட்டோரம் மீட்டரில் அளவுகள், மூலைக்கு மூலை சின்னப் புள்ளிகள். எங்கள் சர்வே எண்ணின் பின்பக்கத்தை ஒட்டி இரண்டு கோடுகள் இணையாக வளைந்து போயின. நடுவே 'ஓடை' என்று எழுதியிருந்தது. கணக்கு டீச்சருக்கு அளவுகோல் பழகியது. பையிலிருந்த கலர் வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தேன். புல வரைபடத்தில் ஓடை இருந்த இடத்தில் கலர் வரைபடத்தில் பச்சை அடித்து 'பார்க்' என்று போட்டிருந்தார்கள். ஓடையின் வளைவு அந்தப் பார்க்கோடு நிற்கவில்லை. பின்வரிசை மனைகள் சிலவற்றின் மூலையைத் தொட்டுக்கொண்டு போனது. அதில் ஒன்று என்னுடையது.

"இந்த ஓடையில தண்ணி வருமா?" என்று கேட்டேன்.

"மேல ஏரி ரொம்புனா வரும்மா. ஐப்பசி கார்த்திகைல ஒருதரம் வந்து பாருங்க" என்றார் அவர், பதிவேட்டை மூடிக்கொண்டே.

ஒரு நகல் எடுத்துக்கொண்டு வந்தேன். அதை மடித்துப் பத்திரக் கவருக்குள் வைத்தேன். வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகும் அந்த லேஅவுட்டை நான் சிபாரிசு செய்வதை நிறுத்தவில்லை. ஒரே ஒரு மாற்றம்: கேட்பவர்களிடம், "முன்வரிசையில எடுங்க, ரோடு ஓரம்தான் நல்லது" என்று சொல்ல ஆரம்பித்தேன். என் மனசாட்சிக்கு நான் கொடுத்த லஞ்சம் அது. முன்வரிசையில் விலை ஏறினால் பின்வரிசையும் கூடவே ஏறும் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது.

2015 நவம்பர் மழை சென்னையை மட்டுமா உலுக்கியது, எங்கள் மாவட்டத்திலும் ஏரிகள் ரொம்பி வழிந்தன. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மழை விட்ட ஒரு நாள் வீட்டுக்காரரும் நானும் வண்டியில் போய்ப் பார்த்தோம். முன்வரிசையில் சேறுதான். பின்னால் போகப் போகத் தண்ணீர். எங்கள் மனையின் எல்லைக் கற்களில் உச்சி மட்டும் வெளியே தெரிந்தது. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். இவர் அவரிடம், "என்ன கிடைக்குது?" என்று கேட்டார். "கெண்டப்பொடிதான் சார்" என்றார் அவர். அது எங்கள் மனை என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. திரும்பி வரும் வழியில், "வித்துரு" என்றார் இவர். வேறு ஒன்றும் பேசவில்லை.

விற்கப் போனபோதுதான் ஆலோசனை விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள தூரம் தெரிந்தது. ஆசிரியர் அறையில் அப்போது எங்கள் லேஅவுட் 250 ரூபாய். நான்தான் சொல்லி வைத்திருந்தேன். திண்டிவனத்தில் ஒரு புரோக்கரிடம் அதே விலை சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அம்மா, அந்த ரேட்டுக்கு ரெண்டு பார்ட்டி இருந்தா எனக்குக் காட்டுங்க, என்கிட்டயே நாலு மனை இருக்கு" என்றார். சுற்றி வளைத்துக் கடைசியில் ஒரு பார்ட்டி வந்தது. சதுர அடி 120, அதுவும் இரண்டு தவணையில். ஐந்து வருடத்துக்கும் மேலாக நாங்கள் டீ குடித்துக் குடித்து ஏற்றிய விலை, பாதிகூடத் தேறாமல் என் முன்னால் கிடந்தது. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விலை குறைவு என்பதால் இல்லை. 120க்கு விற்றால் ஆசிரியர் அறைக்குத் தெரிந்துவிடும் என்பதால்.

எங்கள் பள்ளியில் ஒரு டிராயிங் மாஸ்டர் இருந்தார். பகுதி நேர ஆசிரியர். அவர்களை 2012இல் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். நான் சொல்லும் சமயத்தில் அது 7,000 ஆகியிருந்தது. மே மாதச் சம்பளம் கிடையாது. பள்ளி நேரம் போக அவர் கடைகளுக்கு போர்டு எழுதுவார், கல்யாண மண்டபத்துக்கு பேனர் வரைவார். அப்பா நிலத்தை விற்றதில் அவர் பங்குக்குக் கொஞ்சம் பணம் வந்திருந்தது. அது கரைவதற்குள் எதிலாவது போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. யாரிடம் கேட்பார்? என்னிடம்தான் கேட்டார்.

நான் உடனே என் மனையைச் சொல்லவில்லை. அந்த நாசூக்கெல்லாம் எனக்குத் தெரியும். இரண்டு மூன்று இடம் சொன்னேன், எல்லாம் அவர் கைக்கு எட்டாத விலை. பிறகு ஒருநாள், மகள் படிப்புக்குப் பணம் தேவைப்படுகிறது, என் மனையையே கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன், ஆனால் மனசு வரவில்லை என்றேன். மகள் படிப்பு அந்த வருடமே முடிந்திருந்தது. அவர் தயங்கித் தயங்கி விலை கேட்டார். "இருநூத்தி அம்பது போகுது, உங்களுக்குத் தெரியாதா? நீங்க நம்ம ஸ்டாஃப், நூத்தி எழுபது குடுங்க" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. புரோக்கர் கொண்டுவந்த பார்ட்டியைவிடச் சதுர அடிக்கு 50 ரூபாய் அதிகம்; மொத்தத்தில் 1,20,000. அவருடைய அப்போதைய சம்பளத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை வருடப் பணம். அதை நான் அவரிடமிருந்து சலுகை என்ற பெயரில் வாங்கினேன்.

இடத்தைக் காட்டுவதற்கு முன்பு மார்ச் மாதத்தில் ஓர் ஆளை வைத்து எல்லைக் கற்களுக்கு வெள்ளையடித்தேன். மழைத் தண்ணீர் வடிந்த பிறகு கற்களில் முக்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு படிந்திருந்தது. மற்றவர் கற்களில் அப்படியே இருந்தது, என் கற்கள் மட்டும் பளிச்சென்று நின்றன. வெயிலில் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "மழைக்குத் தண்ணி நிக்குமா டீச்சர்?" என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. "நவம்பர் மழைக்கு எங்கதான் நிக்கல?" என்றேன். வரைபட நகல் என் கைப்பையில் இருந்தது. பத்திரத்தோடு கொடுப்பதற்காக எடுத்து வந்த கவரிலிருந்து அதை மட்டும் உருவிப் பைக்குள் போட்டிருந்தேன்.

2016 ஏப்ரலில் 4,08,000 ரூபாய்க்கு விற்றேன். விற்ற கணக்கை வரி ஆலோசகரிடம் கொண்டுபோனபோது அவர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, "உங்களுக்கு வரி வராது" என்றார். எனக்குச் சந்தோஷம். "லாபம் இருந்தாத்தானே வரி? வாங்கின வருஷத்துப் பணவீக்கக் குறியீடு 711, இப்ப 1,125. உங்க 2,75,000 இன்னைக்கு 4,35,000க்குச் சமம். உங்களுக்கு 27,000 ரூபா நட்டம்மா" என்றார். பி.எஃப்.லேயே போட்டு வைத்திருந்தால் அந்த வருடங்களில் வட்டி 8 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. குறைந்தபட்சம் 4,36,000 ஆகியிருக்கும். கூட்டு வட்டி நான் பிள்ளைகளுக்கு வருடா வருடம் நடத்திய பாடம். மறுநாள் ஆசிரியர் அறையில் நான் சொன்னது: "நூறுக்கு வாங்கி நூத்தி எழுபதுக்கு வித்தேன், வரிகூடக் கட்ட வேண்டியதில்லைன்னு ஆடிட்டரே சொல்லிட்டாரு." சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

அந்த செப்டம்பர் 9ஆம் தேதி, 'யானை' ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடின. எங்கள் அறையில் டீ ஆறிக் கிடந்தது. மகள் கல்யாணத்துக்கு விற்க நினைத்திருந்த சயின்ஸ் டீச்சர் வட்டிக்கு வாங்கினார். நான் முன்பே விற்றுவிட்டதை யாரோ எடுத்துச் சொல்ல, எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "டீச்சருக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு" என்றார் பி.இ.டி. சார். அதில் குற்றச்சாட்டு இல்லை, வியப்புதான் இருந்தது. நான் புன்னகை மட்டும் செய்தேன். அந்தப் புன்னகைதான் இத்தனையிலும் எனக்கு மிகவும் கூசுகிறது. வெள்ளையடித்ததுகூடப் பயத்தில் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படி ஒரு சாக்கும் இல்லை. அதன் பிறகு என்னிடம் ஆலோசனை கேட்பவர்கள் இரண்டு மடங்கு ஆனார்கள். நானும் சொன்னேன். வேறு லேஅவுட்டுகள், வேறு மனிதர்கள்.

2017இல் தடை தளர்ந்து, 2016 அக்டோபர் 20க்குள் பத்திரம் பதிந்த மனைகளை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. விண்ணப்பிக்கும் கெடுவைப் பிறகு பலமுறை நீட்டித்தார்கள். மனைப்பிரிவு முழுவதற்கும் ஒரு வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கினால்தான் தனித்தனி மனைக்குப் போக முடியும். விற்றவர்களின் அலுவலகத்தில் அப்போது ஒரு செல்போன் கடை நடந்தது. மனைக்காரர்களே சங்கம் மாதிரி சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அலைந்தார்கள். தமிழய்யாதான் முன்னால் நின்றார். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்று கேலி செய்தார்கள். வரன்முறைப்படுத்தாத மனைக்குக் கட்டட அனுமதி கிடையாது, மின் இணைப்பும் கிடையாது என்பதால் வேறு வழியில்லை. முன்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தேறினார்கள். நீர்வழியில் வரும் மனைகளுக்கு அந்த விதிகளில் இடமில்லை. பின்வரிசைக்கு வந்ததும் அதிகாரிகள் அந்தப் புல வரைபடத்தைத்தான் எடுத்து வைத்தார்கள்.

டிராயிங் மாஸ்டர் எனக்குப் போன் செய்தார். குறையாகச் சொல்லவில்லை. ஆலோசனை கேட்டார். "மூலை போனாப் போகட்டும், மீதிக்காவது வாங்கலாமா டீச்சர், இல்ல வந்த விலைக்கு விட்டுரவா?" என்றார். என் வாய் பழக்க தோஷத்தில், "கொஞ்சம் பொறுங்க சார்" என்றது. போனை வைத்த பிறகு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். வரைபட நகலையும் எடுத்துப் போனேன். மடித்த இடமெல்லாம் இற்றுப்போயிருந்தது. 2013 என்று தேதி போட்டிருந்ததைக் காட்டினேன். புரோக்கர் சொன்ன 120ஐயும் சொன்னேன், மகள் படிப்பையும் சொன்னேன், வெள்ளையடித்ததையும் சொன்னேன்.

அவர் நகலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படம் வரைகிறவர் பார்க்கும் பார்வை அது, கோடுகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கல்லு எனக்கு அன்னைக்கே தெரியும் டீச்சர். நான் சுவத்துக்கு அடிக்கிறவன். சேத்துமேல அடிச்ச சுண்ணாம்பு பூத்துப்போய் வேற மாதிரி நிக்கும். வீட்டுல அவகூடக் கேட்டா. நீங்களே வச்சிருந்த இடம், பெரிசா ஒண்ணும் இருக்காதுன்னுதான்..." அவர் மனைவி உள்ளே இருந்தார். காபி வர வெகுநேரம் ஆனது. வந்தபோது டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

வரன்முறைக் கட்டணத்தையும் நீர்வளத் துறைச் சான்றுக்கு ஆகும் செலவையும் நான் தருகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எவ்வளவு ஆகும் என்று தமிழய்யாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கேட்டுச் சொன்னார், நான் கொடுத்தேன். ஆனால் அந்த 1,20,000 இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மனையை நீங்கள் கொடுத்த விலைக்கு நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் அன்றைக்குக் கிளம்பிப் போனேன். வீட்டுக்காரரிடமும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனேன். சொல்லவில்லை. அந்த மனை இன்றைக்கு என்ன விலை போகும் என்று எனக்குத் தெரியும்.